தொண்ணூற்றொன்பது வெள்ளம்: 1924-ல் பெரியாறும் காவிரியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டூர் நிரம்பும் ஒவ்வொரு ஆடியிலும், கேரளத்தில் மழை கொட்டும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் யாராவது 1924-ஐ இழுத்துவிடுவார்கள். ‘அந்த வெள்ளத்தைவிடப் பெரிதா?’ என்பார்கள். அப்புறம் அதைச் சுற்றிப் பத்துக் கேள்விகள் வரும். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்ததில் வந்தது இது.

1924 வெள்ளம் என்று எதைச் சொல்கிறார்கள்?

1924 ஜூலை நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிடித்த மழை, மூன்று வாரம்போல நின்று பெய்தது. மலைக்கு மேற்கே பெரியாறும் மற்ற கேரள ஆறுகளும் கரை கடந்தன. கிழக்கே காவிரி பெருகியது. மேற்கே திருவிதாங்கூர், கொச்சி என்று இரண்டு சமஸ்தானங்கள், அவற்றோடு மதராஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லா. கிழக்கே மைசூர் சமஸ்தானம், அதற்குக் கீழே மறுபடியும் மதராஸ் மாகாணம். இத்தனை எல்லைகளையும் ஒரே மழை நனைத்துவிட்டுப் போனது.

அதை ஏன் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்கிறார்கள்? 1999-ல் நடந்ததா?

இல்லை. அது கொல்லம் ஆண்டு என்கிற மலையாள ஆண்டுக் கணக்கு. 1924 ஜூலை என்பது கொல்லம் 1099-ன் கடைசி மாதமான கர்க்கடகம், அதாவது நம்முடைய ஆடி. ஆயிரத்தை விட்டுவிட்டு ‘தொண்ணூற்றொன்பதிலே வெள்ளப்பொக்கம்’ என்று மலையாளிகள் சொல்லிப் பழகிவிட்டார்கள். பாட்டிமார்கள் வயதுக் கணக்குச் சொல்லவே அது பயன்பட்டது: ‘வெள்ளத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் பிறந்தவன்’ என்கிற மாதிரி. நம் பக்கத்துப் பஞ்சாங்கத்தில் அது ரத்தாட்சி வருஷம். பெயரைக் கேட்டாலே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

அப்படி எவ்வளவுதான் பெய்தது?

மூணாறுக்குப் பக்கத்தில் இருக்கிற தேவிகுளத்தை எடுத்துக்கொள்வோம். 1924 ஜூலை 16, 17, 18 ஆகிய மூன்று நாளில் மட்டும் அங்கே பெய்தது ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். சென்னையில் ஒரு வருஷம் முழுக்கச் சராசரியாகப் பெய்வது சுமார் 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் மூன்றே நாளில், அதுவும் சரிவான மலையில் இறங்கியது. அந்த ஜூலை மாதம் முழுவதையும் கூட்டினால் மூணாறு மலையில் 4 மீட்டருக்கு மேல். ஓடாமல் நின்றிருந்தால் மாடி வீட்டின் முதல் தளத்தை மூடியிருக்கும்.

மலையில் நல்ல மழை என்றால் நாலு நாள் பெய்யும், ஒரு நாள் வெளுக்கும். அந்த ஒரு நாள்தான் மண்ணுக்கு மூச்சு. 1924-ல் அந்த வெளுப்பு வரவில்லை. குடித்துக் குடித்து மண் நிறைந்த பிறகு பெய்கிற ஒவ்வொரு அங்குலமும் நேராக ஆற்றுக்குத்தான் போகும், இல்லாவிட்டால் மண்ணையே சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும்.

மேற்கே ஓடும் பெரியாறும் கிழக்கே ஓடும் காவிரியும் ஒரே நேரத்தில் எப்படிப் பெருகின?

இந்த ஒன்று புரிந்தால் 1924-ன் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நம் ஊரில் பலர் ‘அது கேரளத்து வெள்ளம்’ என்று ஒதுக்கிவிடுவதும் இது புரியாததால்தான்.

மலையின் முகடு வீட்டுக் கூரையின் முகட்டு ஓடு மாதிரி. அதில் விழுகிற ஒரே மழையில் ஒரு துளி இந்தப் பக்கம் வழியும், பக்கத்துத் துளி அந்தப் பக்கம் வழியும். வயநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குச் சரிவில் விழுந்த தண்ணீர் சாலியாறாகி அரபிக்கடலுக்குப் போகிறது. மேட்டுப் பரப்பில் விழுந்தது கபினியாகி மைசூர்ச் சீமைக்குள் இறங்கித் திருமுக்கூடல் நரசிபுரத்தில் காவிரியோடு சேர்கிறது. நீலகிரியின் தென்மேற்கு மூலையில் பிறக்கிற பவானி முதலில் கேரளத்துக்குள் போய், முக்காலியில் மனம் மாறித் திரும்பி, அட்டப்பாடி வழியாக மேட்டுப்பாளையம் வருகிறது. ஆனைமுடியின் ஒரு பக்கத்துத் தண்ணீர் பெரியாற்றுக்குப் போகிறது. இன்னொரு பக்கத்துத் தண்ணீர் பாம்பாறாக மறையூர் வழியே இறங்கி அமராவதியாகிக் கரூருக்கு வருகிறது.

ஆக, தென்மேற்குப் பருவமழை முகட்டில் மூன்று வாரம் நின்று பெய்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் நிரம்பும். ஆலுவாவில் ஆறு ஊருக்குள் ஏறும்போது, ஒரு சொட்டு மழை இல்லாத ஈரோட்டிலும் வெயில் அடிக்கிற திருச்சியிலும் காவிரி கரை தொட்டுக்கொண்டு வரும். காவிரிக் கரைக்காரர்களுக்கு வெள்ளம் என்றால் பெரும்பாலும் இப்படித்தான். வானம் வெளுப்பாக இருக்கும், காற்று பலமாக வீசும், ஆறு மட்டும் செம்மண் நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு ஓடும்.

அப்போது அணைகள் எதுவும் இல்லையா?

கபினி அணை, பவானிசாகர், அமராவதி, மேட்டூர், மேற்கே இடுக்கி, இவற்றில் ஒன்றுகூட இல்லை. கிருஷ்ணராஜசாகர் கட்டுமானத்தில் இருந்தது. பெரியாற்றின் தலைப்பில் 1895-ல் கட்டிய முல்லைப் பெரியாறு அணை இருந்தது. ஆனால் மூணாறுப் பக்கத்துத் தண்ணீர் முதிரப்புழை வழியாக அதற்குக் கீழேதான் வந்து சேர்கிறது. அந்த அணையால் அதைத் தொடக்கூட முடியாது.

மூணாறில் ரயில் ஓடியது, அதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பலர் கட்டுக்கதை என்றுதான் நினைக்கிறார்கள். இன்றைக்கு மூணாறில் நின்று பார்த்தால் எங்கேயும் தண்டவாளம் தெரியாதுதான்.

1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் பாரம் பெரும்பாலும் அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் உருளும் சிறு சக்கரங்கள் மேல் நிற்கும். சாயாமல் இருக்க ஒரு பக்கம் பெரிய சக்கரம் ஒன்று தரையில் உருண்டு வரும். இழுத்தது எஞ்சின் அல்ல, மாடு. இதை 1908-ல் மாற்றி, இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சின் ஓட்டினார்கள். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஓடியது. டாப் ஸ்டேஷன் என்ற பெயரே அந்த ரயிலின் உச்சி நிலையம் என்பதால் வந்ததுதான். இன்றைக்கு அங்கே போகிறவர்கள் பனியைப் படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ‘ஸ்டேஷன்’ எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

தேயிலைப் பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடியிலிருந்து போடிக்கு, அப்புறம் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு, அங்கிருந்து கப்பலில் இங்கிலாந்துக்கு. திருவிதாங்கூர் மலையில் பறித்த கொழுந்து தமிழ்நாட்டு வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தது.

ஜூலை மழையில் மாட்டுப்பட்டியில் இரண்டு மலைகளுக்கு நடுவே மண்ணும் மரமும் பாறையும் சரிந்து வந்து அடைத்துக்கொண்டன என்று மூணாறில் சொல்வார்கள். யாரும் கட்டாத ஓர் அணை. பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அடைப்பு உடைந்தது. பள்ளத்தாக்கில் இறங்கிய அந்தச் சுவர்த் தண்ணீருக்கு முன்னால் பாலமும் பாதையும் தண்டவாளமும் நிற்கவில்லை. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறும் கூடுவதால் மூணாறு. மூன்றும் கூடுகிற இடத்தில்தான் பஜாரும் இருந்தது. மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

ரயிலைத் திரும்பப் போடவில்லை. சாலையும் ரோப்வேயும் அதன் வேலையை எடுத்துக்கொண்டன. அதே மாட்டுப்பட்டியில் 1953-ல் மனிதர்கள் ஓர் அணை கட்டினார்கள். சுற்றுலாப் பயணிகள் இன்றைக்குப் படகு ஓட்டுவது அதில்தான்.

தோட்டத்தில் இருந்த தமிழர்கள் என்ன ஆனார்கள்?

கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் கூட்டிக்கொண்டு போனவர்கள். போடியிலிருந்து குரங்கணி, கொட்டகுடி வழியாக நடந்து ஏறியவர்கள். அவர்கள் இருந்தது லயங்களில். வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள் அவை. தண்ணீர் வசதிக்காகவும் வேலைக்குக் கிட்டத்தில் இருக்கவும் ஓடைப் பக்கத்துச் சரிவுகளில் லயம் அமைவது மலையில் சகஜம். மண்சரிவு முதலில் தேடி வருவதும் அந்த இடத்தைத்தான். துரைகளின் பங்களாக்கள் மேட்டில் இருந்தன.

1924-ஐப் பற்றி எழுதப்பட்டதில் ரயிலுக்கும் பாலத்துக்கும் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட லயத்து ஆட்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இது எப்போதும் உறுத்தும்.

பழைய ஆலுவா – மூணாறு சாலை என்பது எது?

இன்றைக்குக் கொச்சியிலிருந்து மூணாறு போகிறவர்கள் கோதமங்கலம் தாண்டி நேரியமங்கலம், அடிமாலி வழியாக ஏறுகிறார்கள். 1924-க்கு முன்னால் வழி வேறு. கோதமங்கலத்திலிருந்து குட்டம்புழை, பூயம்குட்டி, மாங்குளம் என்று காட்டுக்குள் போன ராஜபாட்டை அது. ஏற்றம் குறைவான நல்ல சாலை. கரிந்திரி மலை சரிந்ததில் அந்தப் பாதை அறுந்தது. சீர்படுத்துவதைவிடப் புதிதாகப் போடுவது மேல் என்று முடிவு செய்து இப்போதைய சாலையைப் போட்டார்கள். அதற்காகப் பெரியாற்றின் குறுக்கே கட்டிய நேரியமங்கலம் வளைவுப் பாலம் 1935-ல் திறக்கப்பட்டது. இன்றைக்கும் பஸ் அதில்தான் போகிறது. பழைய பாதையைத் திறக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வெள்ளம் மூடிய சாலையைத் திறக்க நூறு வருஷம் போதவில்லை.

கீழே சமவெளியில்?

ஆலுவா, வைக்கம், குட்டநாடு, ஆலப்புழை, திருச்சூர்ப் பக்கம், வடக்கே மலபார் என்று தாழ்ந்த நிலம் முழுக்கத் தண்ணீர். குட்டநாட்டில் பாதி நிலம் கடல் மட்டத்துக்கும் கீழே. மழை விட்ட பிறகும் அங்கே தண்ணீர் லேசில் வடியாது. ரயில், தபால், தந்தி எல்லாம் நின்றன. வெள்ளத்தைவிட அதற்குப் பிந்தைய வாரங்கள்தான் கொடுமை. நெல் அழுகிப்போய், அரிசி வர வழி இல்லாமல், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள்.

வைக்கம் சத்தியாக்கிரகமும் அந்த வருஷம்தானே? வெள்ளத்தில் என்ன ஆனது?

அதே வருஷம்தான். வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்க உரிமை கேட்டு 1924 மார்ச் 30-ல் தொடங்கிய போராட்டம், ஜூலையில் வெள்ளம் வந்தபோது உச்சத்தில் இருந்தது. தடுப்புகளுக்கு முன்னால் நின்ற தொண்டர்கள் தண்ணீர் ஏறியும் நகரவில்லை. இடுப்பளவு, சில நேரம் கழுத்தளவு தண்ணீரில் முறை வைத்து நின்றார்கள். எதிரே காவல் காக்க வேண்டிய போலீசார் படகில் இருந்தார்கள். இந்தக் காட்சியை ஒரு நிமிஷம் மனதில் நிறுத்திப் பாருங்கள்: தெருவே இல்லை, தெரு இருந்த இடத்தில் ஆறு ஓடுகிறது, அந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்பதற்கு இரண்டு தரப்பும் தண்ணீரில் நிற்கின்றன.

அப்போது ஈ.வெ.ரா. திருவனந்தபுரம் சிறையில் இருந்தார். ஆகஸ்ட் 7-ல் திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலமானார். அதையொட்டி சத்தியாக்கிரகக் கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். வெள்ளம் வடிந்தபோது திருவிதாங்கூரில் ஆட்சியும் மாறியிருந்தது. இளவரசருக்கு வயது வராததால் சேது லட்சுமி பாய் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தார்.

நிவாரணத்துக்குக் காந்தி பணம் திரட்டினாரா?

திரட்டினார். ‘யங் இந்தியா’, ‘நவஜீவன்’ பத்திரிகைகளில் மலபார் வெள்ள நிவாரணத்துக்கு உதவும்படி எழுதினார். சேர்ந்த தொகை 6,994 ரூபாய் 13 அணா 3 பை. ரூபாய்க்குப் பின்னால் வருகிற அந்த அணாவும் பையும்தான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். சிலர் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டார்கள், சிலர் பால் குடிப்பதை நிறுத்தி அந்தக் காசை அனுப்பினார்கள். ஒரு சிறுமி மூன்று காசு திருடிக் கொடுத்ததையும் காந்தி எழுதி வைத்திருக்கிறார்.

சரி, காவிரியில் எவ்வளவு தண்ணீர் வந்தது?

பிற்பாடு மேட்டூர் அணை எழுந்த இடத்தில் உச்சத்தில் வினாடிக்கு சுமார் 4,56,000 கன அடி. செய்திகளில் ‘நீர்வரத்து ஒரு லட்சம் கன அடி’ என்று வந்தாலே ஒகேனக்கலில் பரிசலை நிறுத்திவிடுகிறார்கள். இது அதன் நாலரை மடங்கு. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு ஆயிரம் கன அடி. அப்படி 456 அறைத் தண்ணீர், ஒரே வினாடியில்.

இதில் பவானியும் அமராவதியும் சேரவில்லை. அவை மேட்டூருக்குக் கீழேதான் கலக்கின்றன: பவானி கூடுதுறையில், அமராவதி கரூருக்குப் பக்கத்தில் திருமுக்கூடலூரில். கோயம்புத்தூர், சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களின் ஆற்றோர ஊர்கள் அந்த ஜூலையில் பட்டது இந்தக் கூட்டுத் தண்ணீரால். வருஷா வருஷம் பெருக்கைக் கொண்டாட ஆற்றுக்குப் போகிற ஜனங்களைத் தேடி, ஆடிப் பதினெட்டுக்கு முன்னாலேயே ஆறு வந்துவிட்டது.

இந்த வெள்ளத்தால்தான் மேட்டூர் அணை கட்டினார்களா?

இல்லை. இணையத்தில் நிறையப் பேர் அப்படி எழுதுகிறார்கள், தேதியைப் பார்த்தாலே தவறு தெரிந்துவிடும். மேட்டூரில் அணை கட்டும் யோசனை அதற்குப் பல வருஷம் முன்பே இருந்தது. மைசூருக்கும் மதராஸுக்கும் இழுபறி நடந்து, ஒப்பந்தம் கையெழுத்தானது 1924 பிப்ரவரி 18. வெள்ளம் வந்தது ஜூலையில். காகிதத்தில் மை காய்ந்து ஐந்து மாதம் ஆன பிறகு.

வெள்ளம் செய்தது வேறொன்று. ‘இந்த ஆறு இவ்வளவுக்கும் வரும்’ என்று எஞ்சினியர்களுக்குக் காட்டிக் கொடுத்தது. அணை எவ்வளவு உபரி நீரை வெளியேற்றத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு அந்த 4,56,000 கன அடிதான் அளவுகோல். 1925 ஜூலையில் வேலை தொடங்கி, கர்னல் எல்லிஸ் வடிவமைத்த அணை 1934 ஆகஸ்ட் 21-ல் திறக்கப்பட்டது. திறந்து வைத்த கவர்னர் ஸ்டான்லியின் பெயரே நீர்த்தேக்கத்துக்கும். மேட்டூரில் அணைக்குப் பக்கவாட்டில் பதினாறு கண் மதகு என்று ஒன்று இருக்கிறதல்லவா? அணை நிரம்பினால் டிவி கேமராக்கள் முதலில் ஓடுவது அங்கேதான். உபரி நீர் போக அணையிலிருந்து தள்ளித் தனி வழியாக விட்ட அந்தக் கதவுகளில் 1924-ன் நிழல் இருக்கிறது.

மேட்டூர் அப்போதே இருந்திருந்தால் வெள்ளத்தைத் தடுத்திருக்குமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. வினாடிக்கு 4,56,000 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் 39 டி.எம்.சி.க்கு மேல். அதாவது எலும்பும் தோலுமாக வறண்டு கிடக்கிற மேட்டூரும் இரண்டரை நாளில் தளும்பிவிடும். பாதி நிரம்பிய அணை என்றால் ஒன்றேகால் நாள்கூடத் தாங்காது.

அதனால் ‘அணை இருக்கிறது, இனி பயமில்லை’ என்பது சரியில்லை. சின்ன வெள்ளத்தை அணை விழுங்கும். நடுத்தர வெள்ளத்தைத் தாமதப்படுத்தும். 1924 மாதிரி வந்தால், வந்ததை வந்தபடியே கீழே அனுப்பிவிட்டுத் தான் உடையாமல் நிற்பதுதான் அதன் வேலை. அணையின் பெரிய லாபம் வேறு பக்கம்: குறுவைக்கு ஜூன் 12-ல் தண்ணீர் திறக்க முடிந்ததும், கல்லணைக் கால்வாய் வெட்டிப் பட்டுக்கோட்டைப் பக்கம் சுமார் 3 லட்சம் ஏக்கர் புதிதாகப் பாசனம் பெற்றதும்.

வெள்ளம் வந்தால் கொள்ளிடத்தில் ஏன் விடுகிறார்கள்?

காவிரி பாசன ஆறு, கொள்ளிடம் வடிகால். முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்ததுமே கொள்ளிடத்தின் படுகை தாழ்வாகவும் அகலமாகவும் நேராகவும் கடலைப் பார்த்து ஓடுகிறது. கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் தேவையானதை விட்டுவிட்டு மிச்சத்தைக் கொள்ளிடத்தில் தள்ளுவது பழைய வழக்கம். ‘கொள்ளும் இடம்’ என்பதுதான் கொள்ளிடம் ஆனது என்று ஊரில் சொல்வார்கள். 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியதுகூட, கொள்ளிடம் தண்ணீர் முழுவதையும் இழுத்துக்கொண்டு போவதைத் தடுத்துக் காவிரிக்குப் பங்கு கொடுக்கத்தான்.

2018 வெள்ளம் பெரிதா, 1924 பெரிதா?

கேரளம் முழுமைக்கும் மூன்று நாள் மழையை ஒப்பிட்டால் இரண்டும் அண்ணன் தம்பி. 1924 ஜூலை 16–18-ல் சராசரியாக 443 மி.மீ., 2018 ஆகஸ்ட் 15–17-ல் 414 மி.மீ. என்று மத்திய நீர் ஆணையம் தன் அறிக்கையில் கணக்குக் கொடுத்தது. மழையில் மூத்தது 1924. ஆனால் 2018-ல் மலைச்சரிவுகளில் கட்டடங்களும் ஆற்றோரங்களில் வீடுகளும் பல மடங்கு பெருகியிருந்தன. இடுக்கி உட்பட நிரம்பி நின்ற அணைகளின் கதவுகளையும் அதே நாட்களில் திறக்க வேண்டி வந்தது.

காவிரியில் வித்தியாசம் இன்னும் பெரிது. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விட்டது உச்சத்தில் சுமார் 2 லட்சம் கன அடி. 1924-ன் அளவில் பாதிகூட இல்லை. அந்தப் பாதிக்கே திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அந்தப் பாலம் 1928-ல் கட்டியது, அதாவது 1924-ஐப் பார்க்காத பாலம். பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டதால் அப்போது அதில் வண்டி ஓடவில்லை என்பது அதிர்ஷ்டம். தொண்ணூறு வருஷம் நின்ற தூண்கள் சின்ன வெள்ளத்தில் ஏன் சரிந்தன என்று கேட்டால், ஆற்றில் மணல் போனதைத்தான் நான் முதலில் சொல்வேன். மணல் படுகை இறங்க இறங்கத் தூணுக்குப் பிடிமானம் குறைகிறது. 2024 ஆடிப்பெருக்குச் சமயத்திலும் கொள்ளிடத்தில் உயரழுத்த மின்கோபுரம் சாய்ந்தது.

அதே 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணுக்குள் போயின. சரியாக நூறு வருஷம். அங்கேயும் தேயிலைத் தோட்டம், அங்கேயும் லயங்கள்.

1341 வெள்ளம் என்றும் ஒன்று சொல்கிறார்களே?

பெரியாற்றின் அதற்கு முந்தைய பெரிய கதை அது. சங்கப் பாட்டில் யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புகிற முசிறி, இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கம். 1341-ல் வந்த பெருவெள்ளத்தில் பெரியாற்றின் முகம் மணல் மூடி அந்தத் துறைமுகம் செத்தது, தெற்கே கொச்சியின் முகத்துவாரம் அகன்று துறைமுகமாக எழுந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற வரலாறு.

கேரளத்தில் எல்லோரும் நினைவு வைத்திருக்கும்போது தமிழ்நாட்டில் ஏன் மறந்துபோனோம்?

என் கணிப்பு இது. கேரளத்தில் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது, ஊர்ப்பெயரோடும் வருஷக் கணக்கோடும் ஒட்டிக்கொண்டது. நம் பக்கத்தில் பத்தே வருஷத்தில் மேட்டூர் எழுந்துவிட்டது. அதற்குப் பிறகு காவிரி என்றால் வெள்ளம் அல்ல, ‘அணையின் நீர்மட்டம் இன்று இத்தனை அடி’ என்கிற எண். வருஷத்தில் ஒன்பது மாதம் மணலாகக் கிடக்கிற படுகையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஆற்றின் அகலம் எதற்கு என்று புரியாது. படுகைக்குள் வாழை போடுவான், அப்புறம் கொட்டகை, அப்புறம் பட்டா கேட்பான். ஆற்றின் கரை எது என்பதை 1924-ல் ஆறே காட்டியது. அந்த எல்லைக்கோட்டை வரைபடத்தில் வைத்துக்கொள்ளத் தவறிவிட்டோம்.

இப்போது போய்ப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது. மூணாறில் பழைய ரயில் நிலையக் கட்டடம் இன்றைக்குத் தேயிலைக் கம்பெனியின் அலுவலகம். வெளியிலிருந்து பார்க்கலாம். டாப் ஸ்டேஷனில் ரோப்வேயின் இடிபாடுகளைத் தேடிப் பிடிக்கலாம், அங்கே நின்றால் கீழே கொட்டகுடிப் பக்கம் தெரியும். நேரியமங்கலம் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பெரியாற்றைப் பாருங்கள். பழைய ராஜபாட்டையில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம், யானை நடமாட்டம் அதிகம்.

காவிரிப் பக்கம் என்றால் மேட்டூர் பதினாறு கண் மதகு, அப்புறம் பண்ணவாடி. நீர்த்தேக்கம் இறங்கும்போது, மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி அங்கே தலை காட்டும். கழுத்து வரைக்கும் தெரிந்தால் அணையில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று பரிசல்காரர்கள் சொல்வார்கள். பிப்ரவரிக்குப் பிறகு, மழைக்கு முன்னால் போனால் பார்க்க வாய்ப்பு அதிகம்.